யாருடைய இடத்தில் வந்து நிற்கிறது இயந்திரம்?

2025 ஜூன் மாதம் அருப்புக்கோட்டையில் உள்ள அஷ்டலிங்க ஆதிசேஷ செல்வவிநாயகர், அஷ்டபுஜ ஆதிசேஷ வாராகி அம்மன் கோயில்களுக்கு ஒரு யானை வந்து சேர்ந்தது. பெயர் கஜா. நடிகை திரிஷாவும் ‘பீப்பிள் ஃபார் கேட்டில் இன் இந்தியா’ என்ற விலங்குநல அமைப்பும் சேர்ந்து கொடுத்தது. காதை வீசும், கண்ணை அசைக்கும், தலையாட்டும், தும்பிக்கையைத் தூக்கித் தண்ணீர் தெளிக்கும். தீனி வேண்டாம், மின்சாரம் போதும். விருதுநகர் மாவட்டத்துக்கு இது புதிது என்றாலும் தென்னாட்டுக்குப் புதிதில்லை. 2023 பிப்ரவரியிலேயே திருச்சூர் மாவட்டத்து இரிஞ்சாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணர் கோயிலில் பத்தரை அடி உயரமும் 800 கிலோ எடையும் கொண்ட இயந்திர யானை ஒன்றை முறைப்படி சாமிக்கு அர்ப்பணித்து நடையிருத்தினார்கள். இனி உயிருள்ள யானையை வளர்க்கவும் மாட்டோம், வாடகைக்கு அழைக்கவும் மாட்டோம் என்று அந்தக் கோயில் உறுதி எடுத்துக்கொண்டது. 2024-ல் கூடலூரை அடுத்த தேவர்சோலைக்கும் இப்படி ஒரு யானை வந்தது. ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான்: இரும்பையும் ரப்பரையும் கும்பிட ஜனங்கள் ஒப்புக்கொள்வார்களா? கேட்கவேண்டிய கேள்வி இதுவல்ல என்பது என் எண்ணம். ஒப்புக்கொள்வார்கள். எதற்கு ஒப்புக்கொள்கிறோம், அதனால் யாருக்கு விடுதலை, யாருக்கு இழப்பு என்பதைத்தான் நாம் பேசியாகவேண்டும்.

ஒப்புக்கொள்வார்கள் என்பதற்குச் சான்று ஏராளம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பைரன் ரீவ்ஸ், கிளிஃபோர்டு நாஸ் இருவரும் 1996-ல் வெளியிட்ட நூலில், எதிரே இருப்பது வெறும் கணினி என்று நன்றாகத் தெரிந்தவர்கள்கூட அதனிடம் மனிதரிடம் காட்டும் மரியாதையைக் காட்டுகிறார்கள் என்று பல சோதனைகள் வழியே எடுத்துக்காட்டினார்கள். ஜப்பானில் சோனி நிறுவனம் ‘ஐபோ’ என்ற ரோபோ நாயின் தயாரிப்பை 2006-ல் நிறுத்தியது. பின்னர் பழுதுபார்ப்பதையும் நிறுத்தியது. ஓய்ந்துபோன நாய்களுக்கு சிபா மாகாணத்துக் கோஃபுகுஜி ஆலயத்தில் 2015 முதல் பிக்குகள் இறுதிச் சடங்கு செய்தார்கள். இதைக் கேட்டு நாம் வியக்கவேண்டியதில்லை. ராஜபாளையம் நூற்பாலைகளில் ஆயுத பூஜையன்று போய்ப் பார்த்தால் தெரியும். இரவு பகலாக ஓடிய கதிர் இயந்திரங்களைத் துடைத்து, சந்தனக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரிகடலை படைத்துச் சூடம் காட்டுவார்கள். அந்த இயந்திரத்துக்கு உயிர் இருக்கிறது என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. சோறு போடுகிற பொருளுக்கு வருஷத்தில் ஒரு நாள் மரியாதை. கோயில்களில் சாமி ஏறிவரும் யானை வாகனமும் குதிரை வாகனமும் மரத்தால் ஆனவை. அய்யனார் கோயில் வாசலில் நிற்பது மண்குதிரை. உயிரில்லாத உருவத்துக்கு உரிய இடம் கொடுத்து வணங்கத் தெரிந்த மக்களுக்கு, காதை ஆட்டும் ஓர் உருவத்தை ஏற்பதில் என்ன சிரமம் இருக்கமுடியும்?

நகரங்களிலும் இதே அனுபவம்தான். கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 2016 நவம்பரில் சென்னை தியாகராய நகரில் ‘லட்சுமி’ என்ற ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்தியது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது, கடனுக்கு வட்டி என்ன என்று கேட்டால் பதில் சொல்லும். 2017-ல் சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ரோபோக்கள் தட்டேந்தி வரும் உணவகம் திறந்தது. மறு ஆண்டே கோவையிலும் திறந்தது. கொரோனா நாட்களில், 2020-ல், திருச்சி நிறுவனம் ஒன்று செய்த ‘ஸாஃபி’ ரோபோக்கள் தனிமை வார்டுகளில் மருந்தும் சாப்பாடும் கொண்டுபோகத் தயாராயின. யாரும் வெறுத்து ஒதுங்கவில்லை. வேடிக்கை பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

ஆனால் வேடிக்கை சீக்கிரம் தீர்ந்துபோகும். நாகசாகி அருகே 2015-ல், ரோபோக்களையே ஊழியர்களாக வைத்து ‘ஹென்-னா’ விடுதி திறக்கப்பட்டது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2019-ல் அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கு மேல் அகற்றப்பட்டன. அறையில் வைத்த ரோபோ பொம்மை, தூங்குபவரின் குறட்டையைத் தன்னிடம் பேசுவதாக எண்ணி நடுராத்திரியில் எழுப்பிப் பதில் கேட்டதாம். அதைவிட ஆழமான பாடம் ஆலயத்திலிருந்தே கிடைத்தது. கியோத்தோ நகரின் கோடைஜி ஆலயத்தில் 2019-ல் ‘மிண்டார்’ என்ற ரோபோ புத்தமத உபதேசம் செய்யத் தொடங்கியது. ஜோஷுவா ஜாக்சன், கை சி யாம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே வந்துபோனவர்களைக் கவனித்தார்கள். சிங்கப்பூரின் ஒரு தாவோ ஆலயத்திலும் ரோபோவைப் பிரசங்கம் செய்யவைத்துச் சோதித்தார்கள். 2023-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ரோபோவின் உபதேசத்தைக் கேட்டவர்கள் மனிதரிடம் கேட்டவர்களைவிடக் குறைவாகவே காணிக்கை செலுத்தினார்கள். ரோபோவின் வாக்கில் அவர்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. காரணம் நமக்குப் புரியக்கூடியதே. உபதேசம் செய்பவர் அதற்காக எதையாவது விட்டுக்கொடுத்து வாழ்ந்திருக்கவேண்டும் என்று கேட்பவர் எதிர்பார்க்கிறார். இயந்திரத்துக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

இதற்கு ஜப்பான் வரை போகவேண்டியதுமில்லை. நம் ஊர்க் கோயில்களில் முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரு ரோபோ இருந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நாம் ரோபோ என்று நினைப்பதில்லை, அவ்வளவுதான். மின்சார மேளம். கர்ப்பக்கிரகத்துக்கு எதிரே சுவரோரம் ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு முரசு, ஒரு சேகண்டி, இரண்டு மணிகள். பின்னால் ஒரு சின்ன மோட்டார். தீபாராதனை நேரத்தில் பூசாரி சுவிட்சைத் தட்டுவார். குச்சிகள் தடதடவென்று அடிக்கும். தீபம் முடிந்ததும் மறுபடி சுவிட்ச். அடித்துக்கொண்டிருந்த குச்சி அந்தரத்தில் நிற்கும். காலைப் பூஜைக்கும் அதே அடி, அர்த்தஜாமத்துக்கும் அதே அடி. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி, பொழுதுக்குத் தகுந்த ராகம் என்று நாதஸ்வரக்காரரின் மூச்சிலும் தவில்காரரின் விரலிலும் இருந்த நுட்பம் எதுவும் அதற்குத் தெரியாது. ஜனங்கள் அதை ஏற்றுக்கொண்டார்களா? ஏற்றுக்கொண்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. அதன் முன்னால் நின்று கேட்டவர்களும் யாருமில்லை. அது வந்த இடத்தில் இருந்தவர்கள் ஊதவும் அடிக்கவும் ஆசைப்பட்டவர்கள். தகப்பனிடம் சிறுவயதிலேயே கற்று, கோயில் சேவகத்தைப் பிழைப்பாகவும் பெருமையாகவும் வைத்திருந்த குடும்பங்கள். அவர்களுக்குக் கொடுக்கவேண்டிய சொற்பச் சம்பளத்தை மிச்சப்படுத்த ஒரு மோட்டார் வந்தது. கும்பிட வந்தவர்கள் பழகிக்கொண்டார்கள். மக்கள் பழகிக்கொண்டார்கள் என்பதையே ஒரு நியாயமாகச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆகவே ஓர் இயந்திரம் வேலைக்கு வரும்போது நாம் வைக்கவேண்டிய உரைகல், அது எவ்வளவு தத்ரூபமாக இருக்கிறது என்பதோ ஜனங்கள் எவ்வளவு ரசிக்கிறார்கள் என்பதோ அல்ல. அந்த இடத்தில் இதுவரை நின்றது யார்? விரும்பி நின்றவரா, வேறு வழியின்றி நிறுத்தப்பட்டவரா? பாதாளச் சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதற்குப் பதிலாகக் கேரளத்தில் உருவான ‘பண்டிகூட்’ இயந்திரத்தை 2018-ல் கும்பகோணம் நகராட்சி கொண்டுவந்தது. அதற்கு எதிராக ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் வாய் வராது. அந்தக் குழிக்குள் எந்த மனிதனும் ஆசைப்பட்டு இறங்கவில்லை. சாதியும் வறுமையும் தள்ளிவிட்ட இடம் அது. உணவகத்தில் தட்டேந்தும் ரோபோவை அந்தக் கண்ணோடு நான் பார்க்கமாட்டேன். அந்தத் தட்டை ஏந்தியவருக்கு அது சம்பளம். வங்கி வாசலில் நிற்கும் ரோபோவும் அப்படித்தான். கையெழுத்துப் போடவே தடுமாறும் ஒரு மூதாட்டிக்குப் படிவத்தை நிரப்பிக்கொடுத்து, ‘இங்க கைநாட்டு வைங்கம்மா’ என்று சொல்லும் ஊழியரின் இடத்தை அது பிடிக்கக்கூடாது. இப்போது கோயில் யானையின் பக்கம் திரும்புவோம். சங்கிலியை அவிழ்த்துவிட்டுக் காட்டையும் கோயிலையும் காட்டினால் அந்த யானை எந்தப் பக்கம் போகும்? இதற்குப் பதில் தெரியாதவர் நம்மில் யாருமில்லை.

விருதுநகர் மாவட்டத்துக்குக் கோயில் யானையின் துயரம் தூரத்துச் செய்தி அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர், திருமணக் கனவில் யானைக் கூட்டம் சூழ மணமகன் வரக் கண்ட ஆண்டாளின் ஊர். அந்தக் கோயிலின் யானை ஜெயமால்யதா, அசாமிலிருந்து வந்தவள். 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி யானைகள் புத்துணர்வு முகாமில் அவளைப் பாகனும் உதவியாளரும் கம்பால் அடித்த காட்சி நாடு முழுவதும் பரவியது. இருவரும் கைது செய்யப்பட்டார்கள். மறு ஆண்டு அசாம் அரசு அவளைத் திரும்பக் கேட்டு ஆட்களை அனுப்பியது; விவகாரம் நீதிமன்றம் வரை போனது. விருதுநகரில் லலிதா என்ற தனியார் யானை விழுந்து காயங்களோடு கிடந்த வழக்கில்தான், இனிமேல் தனியாரோ கோயில்களோ புதிதாக யானை வாங்க விடக்கூடாது என்று 2023 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். 2024 நவம்பரில் திருச்செந்தூரில் தெய்வானை யானை தன் பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. பாகன் கெட்டவர், யானை கெட்டது என்று தனித்தனியாகக் குற்றம் சாட்டுவதில் பயனில்லை. கூட்டமாக வாழ்ந்து நாளெல்லாம் நடந்து மேயும் பெண் மிருகத்தைத் தனியாகக் கல்தரையில் நிறுத்தி, பட்டாசுச் சத்தத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே ஆசீர்வாதம் செய்யச் சொல்லும் ஏற்பாட்டில்தான் கோளாறு.

அந்த ஆசீர்வாதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கவேண்டும். குழந்தை பயந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்கிறது. அம்மா ஒரு நாணயத்தை நீட்டுகிறார். ஈரமான தும்பிக்கை நுனி அந்தக் காசை விரல்போலக் கவ்விப் பாகனிடம் கொடுத்துவிட்டு, திரும்பிவந்து குழந்தையின் தலையில் ஒரு நொடி படுகிறது. கனமான, சூடான மூச்சுக்காற்று. அந்தக் குழந்தை அதை ஆயுளுக்கும் மறக்காது. அது உண்மையான அனுபவம். நான் குறைத்துச் சொல்லமாட்டேன். புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியில் சரிந்து விழுந்து இறந்தபோது, ஊரே தெருவில் நின்று அழுததும் உண்மையான அன்புதான். இந்த அன்புக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே என் வருத்தம். காசை வாங்கிப் பாகனிடம் கொடுக்கும் அந்தப் பழக்கம், குட்டியாக இருக்கும்போது அங்குசத்தாலும் துறட்டியாலும் சொல்லிக்கொடுக்கப்பட்டது. பிறகு நாளைக்கு நூறு தலை, இருநூறு தலை. நாம் ஆசீர்வாதம் என்று வாங்கிக்கொள்வது யானைக்கு ஒரு கட்டளை.

இங்கே பக்தர்கள் சொல்லும் மறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. கஜபூஜை இருக்கிறதே, ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குத் திருமஞ்சனத் தீர்த்தம் யானைமேல் வருகிறதே, உயிரில்லாத ஒன்று இதையெல்லாம் செய்ய முடியுமா என்று கேட்கிறார்கள். நூற்றாண்டுகளாக நடந்துவரும் முறைகளை ஒரே நாளில் நிறுத்தச் சொல்ல எனக்கும் துணிவில்லை. பெருங்கோயில்களில் இப்போது இருக்கும் யானைகளை அவற்றின் ஆயுள்வரை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளட்டும். மண்தரை, குளம், நடை, துணைக்கு இன்னொரு யானை கிடைக்கட்டும். நான் பேசுவது சின்னக் கோயில்களைப் பற்றி. யானை வளர்க்கும் வசதியும் இல்லை, அப்படி ஒரு மரபும் இல்லை. கும்பாபிஷேகத்துக்கும் பங்குனிப் பொங்கலுக்கும், சில சமயம் கல்யாண ஊர்வலத்துக்கும்கூட, லாரியில் ஏற்றி வரவழைக்கும் வாடகை யானையைப் பற்றி. எந்த ஆகமமும் லாரியில் யானையைக் கொண்டுவரச் சொல்லவில்லை. அது ஆடம்பரம். ஆடம்பரத்துக்கு இயந்திரம் தாராளமாகப் போதும்.

இயந்திரத்தின் ஆசீர்வாதம் ஆசீர்வாதமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நானும் சொல்வேன். கோடைஜி ஆய்வு சொன்னதும் அதுவே. அதனால் கஜாவை ஆசீர்வதிக்க வைக்கவேண்டாம். தும்பிக்கையில் காசு வைக்கவும் வேண்டாம். அதற்கு நம் மரபில் ஏற்கெனவே ஓர் இடம் தயாராக இருக்கிறது: வாகனம். மர யானைமேல் சாமி வரும்போது, அது மரம் என்பதை யாரும் மறைப்பதில்லை. மரம் என்பதால் யாரும் கும்பிடாமல் போவதுமில்லை. இயந்திர யானையும் அந்த வரிசையில் சேரவேண்டிய இன்னொரு வாகனம். காலடியில் இருக்கும் சக்கரம் தெரியட்டும், ஒயர் தெரியட்டும். உயிர் இருப்பதுபோல் ஏமாற்றத் தொடங்கினால் மின்சார மேளத்துக்கு வந்த அலட்சியம்தான் இதற்கும் வரும்.

வெளியிலிருந்து வந்த அமைப்புகளும் சினிமாக்காரர்களும் நம் கோயிலுக்கு எதை வைக்கவேண்டும் என்று சொல்வதா என்றும் கேட்கிறார்கள். காணிக்கையை யார் கொடுத்தார் என்று பார்ப்பதைவிட அதை ஏற்பதா என்று முடிவு செய்தது யார் என்று பார்க்கவேண்டும். திருச்சூரிலும் அருப்புக்கோட்டையிலும் முடிவு கோயிலுடையது. பாகர்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்விதான் இதைவிடப் பெரியது. நாதஸ்வரக்காரருக்காக வருந்தும் நான் பாகருக்காகவும் வருந்தவேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. யானை உயிரோடு இருக்கும்வரை பாகரின் வேலை போகாது. கோயிலிலிருந்தும் தனியாரிடமிருந்தும் மீட்கப்படும் யானைகள் திருச்சி அருகே எம்.ஆர்.பாளையம் மறுவாழ்வு மையத்துக்குப் போகின்றன. அங்கேயும் அவற்றைக் குளிப்பாட்டி, நடத்தி, நோய் நொடி பார்க்க ஆள் வேண்டும். முதுமலையில் யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியபோது, அந்த வேலைக்கு எவ்வளவு பொறுமையும் கைப்பக்குவமும் வேண்டும் என்பதை உலகமே பார்த்தது. யானையோடு பாகரையும் அரசு அரவணைத்து அங்கே அழைத்துப்போகவேண்டும். மின்சார மேளம் வந்தபோது மேளக்காரர்களுக்கு அப்படி ஒரு மாற்று இடத்தை யாரும் காட்டவில்லை.

பிள்ளைகள் நிஜ யானையைப் பார்க்காமலே வளர்ந்துவிடுவார்களே என்பது கடைசி மறுப்பு. இதற்குப் பதில் மகாராஜபுரத்தில் இருக்கிறது. வத்திராயிருப்பைத் தாண்டி, சதுரகிரிக்குப் போகிற தாணிப்பாறை வழியில், மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர். அந்த அடிவாரத் தோப்புகளுக்கு யானை தானாகவே வரும். ராத்திரியில் இறங்கி, தென்னங்கன்றைப் பிடுங்கிக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு, விடிவதற்குள் மலையேறிவிடும். காலையில் தோட்டக்காரர் மிதிபட்ட வரப்பையும் வாளி அகலக் காலடித் தடத்தையும் பார்த்துத் தலையில் கைவைத்து உட்காருவார். ராத்திரி வேட்டுப் போட்டு விரட்டும் அதே மனிதர், அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் யானையைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். அவரிடம் யானை என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. 2021-ல் இந்த மலைத்தொடர் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமானது. யானையை யானையாகப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் அந்தக் காட்டையும் அதன் வழித்தடத்தையும் காப்பாற்றிக் கொடுக்கவேண்டும். தென்னங்கன்றை இழந்தவருக்கு இழப்பீடு தாமதமில்லாமல் போய்ச்சேரவேண்டும். சங்கிலியில் கட்டிய யானை பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது யானையைப் பற்றி அல்ல, சங்கிலியைப் பற்றி.

கோயில் கமிட்டிக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவுக்கு வரவு செலவு போடும்போது, யானை வாடகை, லாரி வாடகை, தீனி, பாகர் படி என்று எழுதும் வரியை அடித்துவிடுங்கள். இயந்திர யானை கிடைத்தால் வாகனமாக வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் கோயிலில் இருக்கும் மர யானையைத் துடைத்து வண்ணம் அடியுங்கள். மிச்சமாகும் தொகையில் பக்கத்து ஊர் நாதஸ்வர தவில் செட்டுக்கு, திருவிழா நாளுக்கு மட்டுமல்லாமல், மாதப் பிரதோஷத்துக்கும் வெள்ளிக்கிழமைக்கும் சேர்த்து இப்போதே முன்பணம் கொடுத்துவிடுங்கள். சாமி புறப்படும் நேரத்தில் மின்சார மேளத்தின் சுவிட்ச் அணைந்திருக்கட்டும்.